சார்ஜ் ஏறாத மிசின்

"மிசினைப் பிறகு பார்ப்பம். முதல்ல நீங்க காலமை வந்து என்னென்ன செய்வீங்களோ, அதை அப்பிடியே செஞ்சு காட்டுங்க தங்கச்சி" என்றார் நியாஸ் நானா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரந்தன் சந்தியில் பற்றரிக் கடை வைத்திருக்கும் மனிதரை ஓட்டோ பிடித்து வட்டக்கச்சி வரை கூட்டிவந்தது மிசினைப் பார்க்க. என்னைப் பார்க்க அல்ல. ஆனால் அவர் கொட்டிலுக்குள் கிடந்த பழைய ரயரில் குந்திக்கொண்டு, கொண்டுவந்த சாமான் பையை மடியில் வைத்தபடி, படம் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

சரி என்று செய்து காட்டினேன். முன்சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். ஏறி இருந்தேன். கியரை எடுத்துவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பிறகு?"

"பிறகென்ன நானா, இறங்கி நிண்டு ஏசுவன்."

"ஆரை?"

"அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர்."

போன வாரம் இந்தப் பத்தியில் கிணற்றடி வாழைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் மிசின் ஓட்டுகிறவராமே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை' என்று கேட்டிருந்தார். கேட்டதற்கு எழுதுகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை அல்ல இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேடுதான் ஸ்ராட்டர்

எங்கள் பக்கத்தில் மிசின் என்றால் உழவு இயந்திரம். தைக்கிற மிசினுக்குத்தான் தையல் என்று முன்னால் சேர்க்க வேண்டும். என்னுடைய மிசின் என் கல்யாணத்தை விடப் பழையது. ஒரு காலத்தில் சிவப்பு நிறம். இப்போது எந்த இடம் பெயின்ற், எந்த இடம் கறள் என்று எனக்கே தெரியாது.

பழைய டீசல் மிசினில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை பிடித்துவிட்டால் பற்றரி தேவையில்லை. நாள் முழுவதும் தன்பாட்டில் ஓடும். பற்றரி வேண்டியது காலையில் உசுப்புவதற்கு மட்டும்தான். அதுவும் இல்லையென்றால் மேட்டில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கிளச்சை விட்டால் பிடித்துக்கொள்ளும்.

யுத்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரவிடவில்லை. அந்த வருசங்களில் எங்கள் ஊர் மிசின்காரர் எல்லோரும் மேட்டில் வாழப் பழகிக்கொண்டோம். வீடு கட்ட இடம் பார்க்கிறவன் கிணறு பார்ப்பான், பாதை பார்ப்பான். மிசின்காரன் பக்கத்தில் வாய்க்கால் கட்டு இருக்கிறதா என்று பார்ப்பான்.

எனக்கு அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்தும் போகவில்லை. போகவிடாதது மிசின். பற்றரி புதிதாக வாங்கிப் பூட்டினால் இரண்டு கிழமை நன்றாக ஸ்ராட் வரும். பிறகு முனகும். பிறகு 'டிக்'. பற்றரியைக் கழற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவந்து பூட்டினால் மறுபடி இரண்டு கிழமை. மூன்று மெக்கானிக்மார் பார்த்தார்கள். பெல்ற் மாற்றினார்கள். ஓல்டனேற்றரைக் கழற்றிப் போய்ச் சோதித்துவிட்டு, 'சாமான் நல்லாத்தான் இருக்கு' என்று கொண்டுவந்து தந்தார்கள். மிசினில் பூட்டினால் சார்ஜ் ஏறாது. நான் அலுத்துப்போய், மிசினை வாய்க்கால் கட்டில் ஏற்றி நிறுத்துவதோடு விட்டுவிட்டேன்.

வயலில் நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மிசினை நிறுத்த மாட்டேன். அது ஒரு பக்கம் இரைந்துகொண்டு நிற்கும், நான் ஒரு பக்கம் சோற்றுப் பார்சலோடு இருப்பேன். யாராவது வரம்பில் நின்று கதை கேட்டால் பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் சேர்த்து நான் மறுமொழி சொல்வேன்.

வியாழக்கிழமை தண்ணீர்

இந்த வருசம் வாய்க்கால் கட்டைத் திருத்தினார்கள். உடைந்த இடமெல்லாம் மண் போட்டு இறுக்கி, வாகனம் ஏறாதபடி இரண்டு பக்கமும் சீமெந்துத் தூண் நட்டார்கள். நல்ல வேலை. கட்டு உடைந்தால் எல்லோருக்கும் கேடு. ஆனால் என் மிசினுக்கு அந்த மேடுதான் ஸ்ராட்டர். அதற்குத் தூண் நட்டால் நான் எங்கே போவது?

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பங்குபோட்டுத்தான் தருவார்கள். எங்கள் கிளை வாய்க்காலுக்கு வியாழக்கிழமை என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் வந்த உடனே உழுது சேறடித்து விதைக்க வேண்டும். பிந்தினால் பயிரும் பிந்தும். கடைசியில் குளத்தை மூடும்போது மற்றவர்களின் நெல் முற்றியிருக்கும், என்னுடையது பால் கட்டிக்கொண்டு நிற்கும். வாடகை மிசின்களை எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துவிட்டார்கள்.

என் தம்பி நல்லவன். "அக்கா, இந்தமுறை நிலத்தை என்னட்டைத் தா, நான் செய்து தாறன்" என்றான்.

நல்லவன்தான். ஆனால் நிலத்தை ஒரு போகம் கொடுத்தால் மறு போகம் கேட்க நான்தான் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் இடம்பெயர்ந்து திரும்பி வந்து இரண்டே போகம் செய்தார். பிறகு நெஞ்சுநோவில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வயலில் ஒரு போகம்கூட வேறு ஆளின் மிசின் இறங்கவில்லை. இனியும் இறங்கக்கூடாது என்பது என் பிடிவாதம். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை நியாஸ் நானாவைத் தேடிப் போனேன்.

நானா முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பேச்சில் 'வாங்கோ' போய் 'வாங்க' வந்துவிட்டது. எங்கள் அப்பா தேயிலை மலையிலிருந்து இறங்கி இங்கே காடு வெட்டியவர். எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு காலத்தில் 'வாங்க' தான். கேற்றைத் தாண்டினால் 'வாங்கோ'. அதனாலோ என்னவோ நானாவின் பேச்சு எனக்குச் சொந்தக்காரர் பேச்சு மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் என்னை நடிக்கச் சொன்ன ஆளை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கத்தரிக்கோல் வேலை

நானா தான் கொண்டுவந்த பற்றரியை வயர் போட்டுக் கொடுத்து மிசினை உசுப்பினார். மிசின் ஓடும்போது மீற்றரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கீழே நின்றது.

"சார்ஜ் ஏறினா இது பதினாலுல நிக்கணும்" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்தார். நடுவில் ஒரு சின்ன பல்ப் கோத்திருந்தது. ஒரு முனையைப் பற்றரியில் வைத்தார். மற்ற முனையை ஓல்டனேற்றரின் பின்னால் இருந்த சின்ன ஆணியில் தொட்டார். பல்ப் எரிந்து அப்படியே அணைந்தது. மிசினின் சத்தம் ஒரு இழை இறங்கியது. மீற்றர் கிறுகிறுவென்று ஏறிப் பதினாலில் போய் நின்றது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"சாமான் நல்ல சாமான் தங்கச்சி. இது சுத்தினா மட்டும் காணாது. முதல்ல பற்றரியிலயிருந்து ஒரு சொட்டுக் கறண்ட் இதுக்குப் போகணும். அப்பதான் எழும்பும்."

பாலுக்கு உறைமோர் விடுவது போல என்று எனக்கு விளங்கியது. அந்தச் சொட்டு எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். மீற்றர் பலகையில் ஒரு சிவப்பு லைற் இருக்கும், திறப்பைத் திருப்பும்போது எரியும், சார்ஜ் ஏறத் தொடங்கினால் அணையும், அதற்குள்ளால்தான் போகும் என்றார். சொல்லிக்கொண்டே மெல்லிய வயர் ஒன்றை விரலால் பிடித்து, அது போன வழியே போய், மீற்றர் பலகைக்குப் பின்னால் கையை விட்டார்.

வயர் ஒரு வெற்றுக் கூட்டில் முடிந்தது. பல்ப் இல்லை. பலகையின் முன்பக்கத்தில் லைற் இருக்க வேண்டிய துளை கறுப்பாக அடைத்திருந்தது. நானா நகத்தால் நெம்பி எடுத்தார். சைக்கிள் ரியூப்பில் வட்டமாக வெட்டிய ஒரு துண்டு.

அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெக்கானிக் எண்டா இன்சுலேசன் டேப்பை ஒட்டிட்டுப் போயிருப்பான். இது கத்தரிக்கோலால பக்குவமா வெட்டின வேலை. ஆர் செஞ்சது?"

அந்த வட்டத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு கத்தரிக்கோல்தான். அதைப் பிடிக்கிற கை ஒன்றுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஜெகன் எண்டு ஒருத்தன் முந்தி வயரிங் செய்தவன். அவன்ரை வேலையாத்தான் இருக்கும்."

நானா ரியூப் துண்டை என்னிடம் தந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்ப்பை எடுத்துப் பூட்டினார். மிசினை நிறுத்திவிட்டு என்னை ஏறி இருக்கச் சொன்னார். திறப்பைத் திருப்பினேன். லைற் சிவப்பாக எரிந்தது.

என் இடது கை போய் அதைப் பொத்திக்கொண்டது. போகச் சொல்லி நான் சொல்லவில்லை. பட்டப்பகல் பத்து மணி.

நானா கையையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"நான் அந்த நேரம் இங்க இல்ல தங்கச்சி. என்ன ஏது எண்டு எனக்குத் தெரியாது. ஆனா இனி இதைக் கழட்டாதீங்க."

வண்டு சுற்றிய காலம்

அந்தக் கடைசி இடப்பெயர்வில் எங்கள் மிசினில் ஒரு லைற்றும் இல்லை. முன் லைற்றைக் கழற்றியிருந்தோம். பிறேக் லைற் வயரை என் வீட்டுக்காரர் பல்லால் கடித்து அறுத்தார். எல்லா மிசினிலும் அப்படித்தான். மேலே வண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வண்டு போனால் பின்னால் எறிகணைச் செல் வரும்.

ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு, பாதை நிறைய, மிசினுக்குப் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவர் ஓட்டினார். நான் பெட்டியில் பானை சட்டிகளுக்கு மேல் இருந்தேன். முன்னால் போன பெட்டியின் பின்பக்கத்தில் சிவப்பாக ஒன்று மின்னியது. யாரோ வயரை அறுக்க மறந்திருந்தார்கள். "லைற், லைற்" என்று எல்லோரும் கத்தினோம். அணைந்தது. கொஞ்ச நேரத்தில் செல் வந்தது. எங்கள் பெட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் போன பெட்டியில் ஏழு பேர் இருந்தார்கள்.

அந்த லைற்றால்தான் என்று நான் சொல்லவில்லை. லைற் இல்லாத இடங்களிலும் அன்றைக்குச் செல் விழுந்தது. இது எனக்கு விளங்கும். கைக்கு விளங்கவில்லை.

மிசினைக் கடைசியில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். பிறகு ஒரு வெளியில் ஆயிரக்கணக்கான வாகனங்களுக்கு நடுவே, வலது மட்காட்டில் இருந்த வெல்டிங் தழும்பை வைத்து அடையாளம் கண்டு எடுத்து வந்தோம். டைனமோ இல்லை, பற்றரி இல்லை, வயர் ஒன்றுகூட இல்லை. அவர் இருந்தவரை அதைத் தள்ளித்தான் உசுப்பினார். அவர் போன பிறகு, கார் ஓல்டனேற்றர் ஒன்று தேடிக்கொண்டுவந்து, புதிதாக வயர் இழுத்து, மீற்றர் பலகையில் லைற்றும் வைத்துத் தந்தவன் ஜெகன். வட்டக்கச்சிச் சந்தியில் அவன் அப்போதுதான் கராஜ் போட்டிருந்தான்.

அன்று வீட்டுக்குக் கொண்டுவரும்போது மம்மல் பொழுது. கேற்றடியில் மிசினை நிறுத்தினேன். திறப்பை அணைக்க மறந்துவிட்டேன். அந்த இருட்டில் சிவப்பு லைற் எரிந்தது. உடனே கழற்றி எறிந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பிறகு ஒரு நாள் அது மறுபடி எரிந்தபோது அதையும் கழற்றி, துளைக்கு ரியூப் வெட்டி அடைத்தேன். நுளம்பை அடித்ததை யாராவது நினைவு வைத்திருப்பார்களா? அப்படித்தான் மறந்தேன்.

இரண்டாம் தரமும் சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஜெகனின் கராஜுக்குப் போய், நாலைந்து ஆட்களுக்கு முன்னால், "கார்ச் சாமானைக் கொண்டந்து மிசினிலை பூட்டி ஏமாத்திறாய்" என்று ஏசினேன். அரிசி மில்லில் சொன்னேன். சங்கக் கடை வரிசையில் சொன்னேன். என் வாய்க்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்த வாய் சொன்னதை ஊர் நம்பியது. ஜெகனிடம் யாரும் மிசின் கொண்டுபோவதில்லை. சைக்கிளுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் காற்றடித்து ஒட்டுப்போட்டுக்கொண்டு இருந்தான். அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன், பிழை செய்தவன் அவன் என்ற நினைப்பில்.

நியாஸ் நானா போன பிறகு கொட்டிலுக்குள்ளேயே இருந்து அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை. வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

கதைக்க விட்டால்தானே

அடுத்த மூன்று நாளும் மிசின் திறப்போடு பிடித்தது. சிரமம் எனக்குத்தான். சிவப்பைக் கண்டதும் கை போய்ப் பொத்தும். மற்றக் கையால் திறப்பைத் திருப்புவேன். லைற் அணைந்த பிறகுதான் மூச்சு வரும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, இன்னும் வெளிச்சம் வராத நேரத்தில், பல்ப்பைப் பாதி கழற்றிவிட்டேன். நானா சொன்னது நினைவு வந்து திருப்பிப் பூட்டினேன். இது நாள் தாங்காது, இன்றில்லாவிட்டால் அடுத்த கிழமை கழற்றத்தான் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

புதன்கிழமை ஜெகனின் கராஜுக்குப் போனேன். மோட்டார்சைக்கிள் செயின் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். நான் இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

"ஜெகன், அந்த லைற்றைக் கழட்டினது நான்தான்."

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"முதல்தரம் நீங்கள் சார்ஜ் ஏறேல்லை எண்டு கொண்டந்தபோது பல்ப் இல்லை. ஆட்டத்திலை விழுந்திருக்கும் எண்டு வேறையொண்டு போட்டனான். அடுத்த தரம் பார்த்தா அதுவும் இல்லை. ரியூப் வெட்டி அடைச்சுக் கிடந்தது."

"பிறகேனடா தம்பி எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் என்னைக் கதைக்க விட்டால்தானே."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் என்றேன். லைற்றைப் பொத்திக்கொண்டுதான் ஸ்ராட் பண்ணுகிறேன் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனும் அந்தப் பாதையால் வந்தவன்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு குறடும் கொஞ்ச வயரும் எடுத்து மோட்டார்சைக்கிளில் என் பின்னால் வந்தான்.

அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. லைற்றை மீற்றர் பலகையிலிருந்து கழற்றினான். வயரை நீட்டி, சீற்றுக்குக் கீழே இருந்த, ஸ்பனர் குறடு போட்டுவைக்கும் தகரப் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் பூட்டினான். மூடியைச் சாத்தினான்.

"ஸ்ராட் பண்ணுங்கோ."

திருப்பினேன். சிவப்பு எங்கும் இல்லை. மிசின் பிடித்தது. மீற்றரை வைத்துக் காட்டினான். பதினாலு.

"உள்ளுக்கை எரியுதோ?"

"எரிஞ்சு அணைஞ்சிட்டுது. அது எரிய வேணும் அக்கா, அவ்வளவுதான். நீங்கள் பார்க்கவேணுமெண்டு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்லை."

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். வேலை கிடக்கு என்று போய்விட்டான்.

வாய்க்கால் தலைப்பில்

வியாழக்கிழமை காலை, கிளை வாய்க்கால் திறக்கிற இடத்தில் எங்கள் பகுதிக் கமக்காரர் எல்லோரும் நின்றார்கள். தண்ணீர் வருகிற நாளில் வேலை இல்லாதவனும் வந்து நிற்பான். நான் சமதரையில் ஓட்டிவந்து அவர்களுக்குப் பக்கத்தில் மிசினைக் கொண்டுபோனேன். மேடு தேடாமல் நான் வந்ததை முதலில் கவனித்தவர் அரிசி மில்லில் நெல் தூற்றுகிற பெரியவர்.

"என்ன பிள்ளை, மிசின் திருந்திட்டுதோ? ஆர் திருத்தினது?"

"ஜெகன்."

"ஆர்?"

மிசின் இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு உண்மையாகவே கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்காது. தலையை ஆட்டிவிட்டு வயலுக்கு இறங்கியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிசம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நிறுத்துகிற கம்பியை இழுத்து மிசினை நிறுத்தினேன். இத்தனை வருசத்தில், வேலை தொடங்க முன்னம், வயற்கரையில், நானாக அதை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெகன்தான் திருத்தினவன்" என்றேன். அரிசி மில்லில் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். "இப்ப இல்லை, அண்டைக்கே சரியாச் செய்து தந்தவன். பழுதாக்கினது நான். அவனைப் பற்றி நான் சொன்ன கதை முழுக்கப் பொய்."

மதகுக்குக் கீழே தண்ணீர் சத்தம் வரத் தொடங்கியது.

நான் திறப்பைத் திருப்பினேன். மிசின் பிடித்தது.